லேண்ட்ஸ்கேப் டேப்பஸ்ட்ரி: போட்டோவ அப்படியே நெய்யணுமா, போட்டோவ விட்டுட்டு நெய்யணுமா?

தறிமேடை எழுதியது:

ரொம்ப நாளா மனசுல இருக்கறத இங்க கொட்டிடறேன், திட்டறவங்க தாராளமா திட்டலாம். இப்ப கையால நெய்த டேப்பஸ்ட்ரினு வர்ற படங்கள்ல பாதிக்கு மேல மலை, கடல், காடு, சூரிய அஸ்தமனம். அதுல தப்பில்ல, எனக்கும் அதுதான் புடிக்கும். ஆனா நிறைய பேரு ஒரு போட்டோவ பெருசா பிரிண்ட் போட்டு பாவுக்கு (தறியில நெட்டா இழுத்து கட்டின நூல்) பின்னாடி ஒட்டிட்டு அத ஒரு நூல் விடாம காப்பி அடிக்கறாங்க. கீழ எல்லாரும் "போட்டோ மாதிரியே இருக்கே"னு பாராட்டறாங்க. எனக்கு அது பாராட்டாவே படல. போட்டோ மாதிரி வேணும்னா போட்டோவே இருக்கு, அதுக்கு எதுக்கு மாசக்கணக்குல முதுகு வலிக்க தறியில உக்காரணும்?

புதுசா வர்றவங்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரண துணியில ஊடை, அதாவது குறுக்க போற நூல், இந்த கரையிலேருந்து அந்த கரை வரைக்கும் ஓடும். டேப்பஸ்ட்ரில அப்படி இல்ல, ஒவ்வொரு கலரும் அதோட இடம் வரைக்கும் போயிட்டு அங்கயே திரும்பிடும், பக்கத்து இடத்துக்கு வேற கலர் வேற தார் (நூல் சுத்தின குச்சி). ஊடைய நல்லா அடிச்சு நெருக்கறதால பாவு மொத்தமா மறைஞ்சிடும், கண்ணுக்கு தெரியறது ஊடை மட்டும்தான். அதாவது துணியும் படமும் ஒரே நேரத்துல உருவாகுது, துணிய நெய்துட்டு அது மேல படம் போடற வேலை இல்ல இது. (பேயூ டேப்பஸ்ட்ரினு 70 மீட்டர் நீளத்துக்கு ஒண்ணு இருக்கே, அது பேர்லதான் டேப்பஸ்ட்ரி, உண்மையில லினன் துணி மேல போட்ட எம்ப்ராய்டரி. இத சொன்னா சண்டைக்கு வர்றவங்க இருக்காங்க, அதனால அடைப்புக்குறிக்குள்ள வெச்சிட்டேன்.)

இந்த காப்பி அடிக்கற வியாதி புதுசும் இல்ல. 18-ஆம் நூற்றாண்டுல பாரிஸ் கோப்லான் டேப்பஸ்ட்ரி பட்டறைல ஊத்ரினு ஒரு ஓவியர் மேற்பார்வைக்கு வந்தாரு. ஆயில் பெயிண்டிங்ல என்ன இருக்கோ அந்த கலர் அந்த நிழல் அப்படியே வரணும்னு நெசவாளருங்கள போட்டு படுத்தினாரு, அவங்க முரண்டு பண்ணாங்க, கடைசில ஜெயிச்சது ஓவியர்தான். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல டேப்பஸ்ட்ரின்னா பெயிண்டிங்கோட நூல் காப்பினு ஆயிடுச்சு, கலர் எண்ணிக்கை ஆயிரக்கணக்குல போச்சு. அதுலேருந்து வெளிய கொண்டு வந்தவங்கள்ல முக்கியமானவரு பிரெஞ்சு ஓவியர் ஜான் லுர்சா. பிரான்ஸ்ல ஆன்ஜே ஊர்ல இருக்கற 14-ஆம் நூற்றாண்டு அபோகலிப்ஸ் டேப்பஸ்ட்ரிய அவரு 1930-கள் கடைசில பாத்தாரு, ரொம்ப கொஞ்ச கலர், தடிமனான நெசவு, ஆனா கிட்டத்தட்ட 100 மீட்டருக்கு சுவரே அதிருது. அதுக்கப்புறம் ஓபுஸோன் ஊர் நெசவாளருங்களோட உக்காந்து கலர கொறச்சு, ஒவ்வொரு இடத்துக்கும் கலருக்கு பதிலா நம்பர் போட்ட வரைபடம் குடுத்து நெய்ய வெச்சாரு.

என் கட்சி இதுதான்: மலைய பாத்து நெய்யாதீங்க, மலைய ஊடையில யோசிச்சு நெய்யுங்க. போட்டோ பாவுக்கு பின்னாடி இருக்கற வரைக்கும் அது நடக்காது.


நேர்கோடு எழுதியது:

வெளியாள் கேக்கறேன் தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப ஜக்கார்ட் மெஷின்ல எந்த போட்டோவ குடுத்தாலும் போர்வை மாதிரி நெய்து வந்துடுதே, அதுக்கும் டேப்பஸ்ட்ரினுதான் பேர் போடறான். வித்தியாசம் என்ன?


தறிமேடை எழுதியது:

> வித்தியாசம் என்ன?

தப்பா எதுக்கு எடுக்கறேன், நான் சொல்ல வந்ததே அதான் தல. ஜக்கார்ட்ல ஊடை கரைக்கு கரை ஓடுது, கலர் மாத்தறது எந்த பாவு மேல வருது எந்த பாவு கீழ போகுதுங்கற கணக்குல. கையால நெய்யற டேப்பஸ்ட்ரில நீங்க எந்த எடத்துலயும் நிறுத்தி, "இந்த பாறைக்கு ஒரு இழை ஊதா சேத்துக்கலாம்"னு முடிவு பண்ணலாம். அந்த முடிவுகள யாரும் எடுக்கலன்னா மெஷினுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லதான்.


நூலாம்படை எழுதியது:

தறிமேடை அண்ணா, பாதிக்கு உங்க பக்கம், மீதி பாதிக்கு செம கோவம்.

போட்டோவ வில்லனா ஆக்கறீங்க. ஹெலனா ஹெர்ன்மார்க்கோட வேலைய பாத்திருப்பீங்க, ஸ்வீடன்ல 1941-ல பொறந்து அமெரிக்காவுக்கு போனவங்க. அவங்க நெய்யறது போட்டோ மாதிரிதான் இருக்கும், புல்வெளி, பூ, தண்ணி எல்லாம் தூரத்துலேருந்து பாத்தா அச்சு அசல். கிட்ட போங்க, ஒண்ணுமே தெரியாது. தடி நூல், மெல்லிசு நூல், பளபளப்பு, மங்கல் எல்லாத்தையும் சேத்து ஒரு கொத்தா புடிச்சு போட்டிருப்பாங்க, அங்கங்க பின்னணித் துணியில வேற நெசவு டிசைன் எட்டிப் பாக்கும். பத்தடி தள்ளி நின்னா பூ, ஒரு அடியில நின்னா வெறும் நூல் குவியல். இது போட்டோவுக்கு அடிமையா இருக்கறவங்க பண்ற வேலையா? பிரச்சனை போட்டோ இல்லண்ணா, போட்டோவுல இருக்கற ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே மாதிரி மரியாதை குடுக்கறதுதான் பிரச்சனை. அது நேர்ல மலைக்கு முன்னாடி உக்காந்து ஸ்கெட்ச் போட்டாலும் நடக்கும்.

இன்னொண்ணு. ஓவியத்த வெச்சு நெய்தாலே கேவலம்னு ஒரு தொனி வருது. ஆஸ்திரேலியா பார்லிமெண்ட்ல கிரேட் ஹால் டேப்பஸ்ட்ரி, 20 மீட்டருக்கு 9 மீட்டர், ஆர்தர் பாய்டோட யூகலிப்டஸ் காட்டு ஓவியத்த வெச்சு மெல்போர்ன் பட்டறைல நெய்தது. ஓவியத்துல கை ஒரு இழுப்புல இழுத்துட்டு போன பிரஷ் கோட்ட நூல்ல எப்படி சொல்றதுனு ஒரு நெசவாளர் கூட்டமே உக்காந்து யோசிச்சிருக்கு. அத காப்பினு சொன்னா மொழிபெயர்ப்பாளர்களையும் காப்பி அடிக்கறவங்கனு சொல்லணும்.


பச்சைமலை எழுதியது:

பெரியவங்க சண்டைக்கு நடுவுல சின்ன புள்ள வந்து கேள்வி கேக்குது, மன்னிச்சிடுங்க 🙏

சின்ன ஃப்ரேம் தறி, இஞ்சுக்கு 8 பாவு. மூணு அடுக்கு மலை, மேல வானம், முன்னாடி ஒரு மரம், இவ்வளவுதான் டிசைன். நீங்க எல்லாம் யோசிச்சு நெய்யுங்கனு சொல்றீங்க, எத யோசிக்கணும்னே தெரியல. மலைச்சரிவு ஏன் படிக்கட்டு மாதிரி வருது? மரத்த எப்ப நெய்யணும், வானத்த எப்ப நெய்யணும்? எல்லாத்தையும் ஒரே வரிசையா மேல ஏத்திட்டு வரணுமா இல்ல ஒரு மலைய முழுசா முடிச்சிட்டு அடுத்ததுக்கு போலாமா?


தறிமேடை எழுதியது:

@பச்சைமலை, இந்த பேச்சுலயே உருப்படியான கேள்வி உங்களோடதுதான்.

படிக்கட்டு: பாவு நேரா நிக்குது, ஊடை குறுக்க போகுது, சாய்வா போறதுக்கு எதுவுமே இல்ல. சாய்வுங்கறது ஊடை ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பாவு முன்னாடியோ பின்னாடியோ திரும்பறதுதான். சரிவு மெதுவா இருந்தா, ஒவ்வொரு வரிசைக்கும் ரெண்டு மூணு பாவு தள்ளி திரும்புவீங்க, படியோட உயரம் ஒரு நூல் தடிமன்தான், கண்ணு அத கோடாவே பாக்கும். செங்குத்தா ஏற ஏற, ஒரே பாவ சுத்தி நாலு தரம் ஆறு தரம் திரும்பிட்டு அப்புறம்தான் அடுத்த பாவுக்கு போவீங்க, அங்க படி அப்பட்டமா தெரியும். அதனால இஞ்சுக்கு 8 பாவுல செங்குத்து பாறைய நெய்யணும்னா படிக்கட்டு வந்தே தீரும். ஒண்ணு பாவ நெருக்கணும், இல்ல படுத்த மாதிரி இருக்கற மலைய தேர்ந்தெடுக்கணும், இல்ல படியையே பாறையோட வெடிப்பா மாத்திக்கணும். மூணாவதுதான் நான் சொன்ன "ஊடையில யோசிக்கறது".

வரிசை: இதுக்கு ஒரே விதி, மேல போகப் போக ஒடுங்கற உருவத்த முதல்ல நெய்யலாம், மேல போகப் போக விரியற உருவத்த முதல்ல நெய்ய முடியாது. மலை மேல ஒடுங்குது, அதனால மலைய உச்சி வரைக்கும் தனியா முடிச்சிட்டு அப்புறம் ரெண்டு மலைக்கு நடுவுல இருக்கற வானத்த ஊத்தி நெரப்பற மாதிரி நெரப்பலாம். மரம் அப்படி இல்ல. அடிமரம் மெல்லிசு, மேல கிளை விரியுது. அந்த விரிஞ்ச பாகத்த வானத்துக்கு முன்னாடி நெய்துட்டா, அதுக்கு கீழ இருக்கற வானத்துக்கு ஊடைய அடிச்சு எறக்க வழி இருக்காது, மேல மூடிட்டீங்கல்ல. அதனால அடிமரம், ரெண்டு பக்க வானம் மூணையும் கிளை ஆரம்பிக்கற மட்டம் வரைக்கும் கொண்டு வந்து, அப்புறம் கிளை.

இன்னும் ஒண்ணு, அடிமரத்துக்கும் வானத்துக்கும் நடுவுல கோடு செங்குத்தா போனா, ரெண்டு கலரும் பக்கத்து பக்கத்து பாவுல திரும்பிடும், நடுவுல பிளவு மாதிரி கீறல் விழும். சின்ன கீறல்னா விட்டுடலாம், நிழல் மாதிரி அழகாவே இருக்கும். சீனாவோட கெஸி பட்டு நெசவுல அந்த கீறல வேணும்னே விடுவாங்க, சோங் அரச வம்ச காலத்துலயே மலை, மரம், பறவைனு ஓவியத்த பாத்து அதுல நெய்திருக்காங்க. நீளமான கீறல்னா ஊசியால தெச்சிடுங்க, இல்லாட்டி ரெண்டு கலரையும் ஒரே பாவ மாத்தி மாத்தி சுத்த விடுங்க, கோடு கொஞ்சம் பல்லு பல்லா வரும், மரப்பட்டைக்கு அது பொருத்தம்தான்.


பச்சைமலை எழுதியது:

அண்ணா இத எங்கயுமே யாரும் இப்படி சொல்லல. விரியற உருவம் ஒடுங்கற உருவம், இத எழுதி தறி மேலயே ஒட்டி வெச்சுக்கறேன்.


பஞ்சுமேகம் எழுதியது:

அந்த மரத்துக்கு தலைவலியே இல்லாம ஒரு வழி இருக்கு. படத்த படுக்க வெச்சு நெய்யுங்க! 90 டிகிரி திருப்பிடுங்க, அப்ப அடிமரம் குறுக்குக் கோடு ஆயிடும், கீறல் போச்சு, படிக்கட்டு போச்சு. முடிச்சதும் திருப்பி மாட்டுங்க. பழைய ஐரோப்பிய டேப்பஸ்ட்ரி பெரும்பாலும் அப்படித்தான், மியூசியத்துல கிட்ட போய் பாத்தா பாவு மேடு பள்ளம் குறுக்கா ஓடும். சுவர் நீளத்துக்கு நெய்யணும்னா தறியோட அகலம் படத்தோட உயரமா மாறிடும், நீளம் எவ்வளவு வேணா சுருட்டிட்டே போலாம்.


நூலாம்படை எழுதியது:

@பஞ்சுமேகம் சரிதான், ஆனா விலை ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுங்க. படுக்க நெய்து திருப்பி மாட்டினா மொத்த எடையும் ஊடை மேல தொங்கும். பாவு முறுக்கு ஏறின பலமான நூல், ஊடை மெத்து மெத்துனு இருக்கற நூல். பெரிய பீஸ்ல வருஷக்கணக்குல கீறல் தையலெல்லாம் வாய் பொளந்துக்கும், மியூசியத்துக்காரங்களுக்கு பெரிய வேலையே அதுதான். சின்ன பீஸுக்கு கவலை இல்ல.

அப்புறம் படிக்கட்டு போச்சுன்னு சொல்றதும் அரைகுறை. மரத்துக்கு போச்சு. தொடுவானம்? நேர் படுக்கை கோடா இருந்த தொடுவானம் இப்ப செங்குத்து ஆயிடுமே, கடல் நெய்யறவங்களுக்கு இது ஆகாது. அதனால படத்துல எது ஜாஸ்தி, நிக்கற கோடா படுத்த கோடானு எண்ணிட்டு முடிவு பண்ணுங்க. காடு, மூங்கில், அருவின்னா திருப்புங்க. கடல், வயல், மணல்மேடுன்னா நேரா நெய்யுங்க.


சாயப்பானை எழுதியது:

எல்லாரும் கோட்டப் பத்தியே பேசறீங்க, கலரப் பத்தி ஒருத்தரும் வாயே தொறக்கல, அதான் வந்தேன். கொஞ்சம் நீளமா போகும்.

இயற்கை காட்சி நெய்யறவங்களுக்கு முதல் எதிரி பச்சை. 16, 17-ஆம் நூற்றாண்டு ஃப்ளாண்டர்ஸ்ல (இப்ப பெல்ஜியம் பக்கம்) வெர்ட்யூர்னு ஒரு வகை நெய்தாங்க, வெறும் இலை, செடி, காடு, அவ்வளவுதான், பேரே பச்சைய வெச்சுதான். இன்னிக்கு மியூசியத்துல போய் பாத்தா காடே நீலமா நிக்கும். ஏதோ கவித்துவமா நீலக்காடு நெய்திருக்காங்கனு நெனச்சிடாதீங்க. அந்த காலத்துல பச்சைக்கு தனி சாயம் கிடையாது, வெல்டுங்கற செடியோட மஞ்சள போட்டு அதோட நீலத்தயும் ஏத்துவாங்க, ரெண்டும் சேந்து பச்சை. வெளிச்சம் பட்டு பட்டு மஞ்சள் போயிடுச்சு, நீலம் நின்னுடுச்சு. மஞ்சட்டி வகை வேர்லேருந்து எடுத்த செவப்பும் பரவால்ல தாங்கும். அதனால முன்னூறு வருஷம் கழிச்சு இலை நீலம், பூ செவப்பு. நெய்த அன்னிக்கு எப்படி இருந்துச்சுனு தெரியணும்னா பின்பக்கத்த திருப்பி பாக்கணும். தறிமேடை சொன்ன ஆன்ஜே டேப்பஸ்ட்ரியோட லைனிங் துணிய எடுத்தப்ப பின்னாடி கலரெல்லாம் பளிச்சுனு இருந்துச்சு, முன்னாடி மங்கிப்போன அதே கலருங்க.

இன்னொரு கொடுமை கருப்பு, கரும்பழுப்பு. இரும்புச்சத்து போட்டு கருப்பாக்கின நூல் காலப்போக்குல அரிச்சு உதுந்துடும். பழைய பீஸ்ல உருவத்த சுத்தி இருக்கற கருப்பு கோடு மட்டும் காணாம போயி பாவு பல்லிளிக்கும், மத்த எல்லாம் நல்லா இருக்கும். அடிமரத்துக்கு அழகா இருக்குனு இரும்புத் தண்ணில முக்கறவங்க கவனிங்க, முக்கலாம், அளவா முக்குங்க.

வீட்டுல பண்ற டெஸ்ட் சொல்றேன். நூல ஒரு அட்டைல வரிசையா சுத்தி, பாதிய கெட்டியான அட்டையால மூடி ஜன்னல்ல வெயில் படற மாதிரி வெச்சிடுங்க. சில வாரம் கழிச்சு மூடிய எடுங்க. எது ஓடிப்போகுதுனு கண்ணுக்கு முன்னாடியே தெரியும். சமையல் மஞ்சள்ல முக்கின நூல் முதல் ஆளா ஓடும், சாயம் நிக்கறதுக்கு எவ்வளவு படிகாரம் போட்டாலும். அவுரி நீலம் அசையாம நிக்கும். மியூசியத்துல துணிகளுக்கு வெளிச்சத்த 50 லக்ஸ்ல (வெளிச்சத்த அளக்கற அலகு) நிறுத்தி வெக்கறாங்கன்னா சும்மாவா, நம்ம ஆளுங்க மாசக்கணக்குல நெய்து நேரா ஜன்னலுக்கு எதிர்ல மாட்டறாங்க 😑


நேர்கோடு எழுதியது:

காடு நீலமா மாறின கதை சூப்பர். வெளியாளா வந்தேன், போக மனசு வரல. கெமிக்கல் சாயம் போட்டா இந்த பிரச்சனை இல்லையா?


சாயப்பானை எழுதியது:

> கெமிக்கல் சாயம் போட்டா இந்த பிரச்சனை இல்லையா?

அதுலயும் ஓடறது இருக்கு, ஓடாதது இருக்கு. கம்பளிக்கு போடற நல்ல சாயம்னா பெரும்பாலும் நிக்கும். 19-ஆம் நூற்றாண்டுல முதல்ல வந்த கெமிக்கல் சாயம் பலதும் இயற்கை சாயத்த விட வேகமா மங்குச்சு. அதனால இயற்கைன்னா நல்லது, கெமிக்கல்னா கெட்டதுனு பேசறவங்க கிட்டயும் அதே அட்டை டெஸ்ட்ட குடுங்க.


நூலாம்படை எழுதியது:

கலர்னு வந்ததால தூரத்து மலைய பத்தி சொல்லிடறேன், பச்சைமலைக்கு உதவும்.

தூரம் போகப் போக மலை நீலமாவும் வெளுத்தும் போகும், பக்கத்து மலைக்கும் அதுக்கும் இருக்கற வித்தியாசம் கொறஞ்சிட்டே வரும். இதுக்கு பத்து ஷேடு நூல் வாங்க வேணாம். தடியா ஒரே நூல் போடறதுக்கு பதிலா மெல்லிசு நூல் நாலு இழைய சேத்து ஒரு ஊடையா புடிங்க. முன்மலை நாலும் கரும்பச்சை. அடுத்து மூணு கரும்பச்சை ஒரு சாம்பல்நீலம். அப்புறம் ரெண்டு ரெண்டு. இப்படி ரெண்டே கலர்ல அஞ்சு படி வந்துடும், கிட்ட பாத்தா புள்ளி புள்ளியா கலந்திருக்கும், தள்ளி நின்னா கண்ணே கலந்துக்கும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல கோடு தெரியக்கூடாதுன்னா ரெண்டு கலரையும் சீப்பு பல்லு மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு நீளம் நீளமா நுழைய விடுங்க, ஒவ்வொரு பல்லும் வேற வேற நீளத்துல. ஒரே நீளத்துல விட்டா ஜிப் மாதிரி தெரியும், பனிமூட்டம் மாதிரி தெரியாது.

தனியா ஒரு நூல கையில வெச்சு கலர் முடிவு பண்ணாதீங்க, பக்கத்துல எது வருதோ அதோட சேத்து வெச்சு பாருங்க. இதுக்கு ஒரு சரித்திரமே இருக்கு. 1824-ல ஷெவ்ரல்னு ஒரு வேதியியல்காரர் கோப்லான் சாயப்பட்டறைக்கு தலைவரா வந்தாரு. கருப்பு சாயம் சரியில்ல, நீலத்துக்கு பக்கத்துல போட்டா வெளிறி தெரியுதுனு புகார். சாயத்த சோதிச்சு பாத்தா சாயத்துல குறையே இல்ல. பக்கத்து கலர்தான் கண்ண ஏமாத்துது. அத வெச்சு அவரு ஆராய்ச்சி பண்ணி 1839-ல புத்தகமா போட்டாரு, பின்னாடி ஓவியருங்க பலரும் அத படிச்சாங்க. ஆக, தறிமேடை அண்ணா, நீங்க திட்டற அதே கோப்லான்லேருந்துதான் இதுவும் வந்துச்சு!


தறிமேடை எழுதியது:

ஒத்துக்கறேன், கோப்லான்ல கெமிஸ்ட்ரி நல்லா இருந்துச்சு 😄 ஆனா அதே ஷெவ்ரல் 14,400 ஷேடு அட்டவணை போட்டதும் அங்கதான், அத்தனை ஷேடு இருந்தா எவன் யோசிச்சு நெய்வான்?

ஹெர்ன்மார்க் விஷயத்துல நூலாம்படை சொல்றது சரி, அவங்க போட்டோவ ஒடச்சு நூலாக்கறாங்க, போட்டோவுக்கு கீழ படியல. என் கோவம் அவங்க மேல இல்ல. ஆனா அந்த தெளிவு வர்றதுக்கு எத்தன வருஷ கைப்பழக்கம் வேணும்? ஆரம்பிக்கறவங்க கையில போட்டோவ குடுத்தா அது அவங்கள கட்டிப்போட்டுடும்ங்கறதுல நான் நகர மாட்டேன்.

இதுக்கு எனக்கு கிடைச்ச பெரிய ஆதாரம் எகிப்து. கெய்ரோவுக்கு பக்கத்துல ஹர்ரானியானு ஒரு கிராமம், 1950-கள் ஆரம்பத்துல ராம்சிஸ் விஸ்ஸா வாசெஃப்ங்கற கட்டிடக்கலைஞர் கிராமத்து பசங்களுக்கு தறி போட்டு குடுத்தாரு. மூணே கண்டிஷன். முன்னாடியே வரஞ்சு வெச்சுக்கக் கூடாது, வேற கலைய பாத்து காப்பி பண்ணக் கூடாது, பெரியவங்க குறை சொல்லக் கூடாது. அந்த பசங்க நெய்த மரத்தையும் ஆத்தங்கரையையும் ஆட்டு மந்தையையும் பாருங்க. நூல் கீழேருந்து மேல ஏற ஏற மரமும் கீழேருந்து மேல வளந்திருக்கும், எந்த கிளைக்கு பக்கத்துல எடம் காலியா இருக்கோ அங்க ஒரு பறவை வந்து உக்காந்திருக்கும். ஒரு ஓவியன் அப்படி ஒரு மரத்த வரையவே மாட்டான். பெயிண்டிங்ல எங்க வேணா திரும்பி வந்து திருத்தலாம், இங்க கீழ நெய்தது நெய்ததுதான், பெரிய தறின்னா அது சுருண்டு உருளைக்குள்ளயே போயிடும், முழுப்படத்த அறுத்து எறக்கற அன்னிக்குதான் பாப்பீங்க. அப்படி ஒரு வேலைய முன்னாடியே முழுசா முடிவு பண்ணி வெச்சிட்டு நெய்யறதுல என்ன சுகம்?


பஞ்சுமேகம் எழுதியது:

அந்த ஹர்ரானியா உதாரணம் எல்லாரும் சொல்றதுதான், ஆனா ஒண்ண மறந்துடறோம். அந்த பசங்க தினமும் அந்த மரத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவுலயே வளந்தவங்க. கண்ணுக்குள்ள இருந்துச்சு. மாடியில உக்காந்து வேலை பாக்கறவங்களுக்கு மலைய மனசுலேருந்து நெய்னா, மலை வராது, ட்ராயிங் புக்குல போட்ட ரெண்டு முக்கோணம் நடுவுல சூரியன்தான் வரும். போட்டோ வேணாம்னா வேணாம், ஆனா போயி பாருங்க. சில்வியா ஹெய்டன்னு ஸ்விட்சர்லாந்துல பொறந்தவங்க, அமெரிக்காவுல ஈனோ ஆத்துப் பக்கம் இருந்தாங்க, ஆத்த பாத்து பாத்து சின்ன ஸ்கெட்ச் மட்டும் வெச்சுகிட்டு நேரா தறியில நெய்தாங்க. அவங்க நெய்த தண்ணி எந்த போட்டோ மாதிரியும் இல்ல, ஆனா தண்ணி ஓடற வேகம் இருக்கும்.


பச்சைமலை எழுதியது:

தண்ணின்னதும் ஞாபகம் வந்துச்சு, முன்மலைக்கு கீழ ஒரு குளம் வெக்கலாம்னு ஆச. தண்ணிய எப்படி காட்றது? நீலம் போட்டா நீல சுவர் மாதிரி இருக்கு.


பஞ்சுமேகம் எழுதியது:

@பச்சைமலை தண்ணிதான் டேப்பஸ்ட்ரில ரொம்ப சுலபம், ஏன்னா நெசவே அலை மாதிரிதான். ரெண்டு கலர் எடுத்துக்கோங்க, கருநீலம், வெளிர்சாம்பல்.

கருநீலத்துக்கு நடுவுல வெளிர்சாம்பல ஒரே ஒரு தடவை போட்டா புள்ளி புள்ளியா வரும், அது தூரத்துல தண்ணி மினுக்கறது. போயிட்டு திரும்பி வர்ற மாதிரி ரெண்டு தடவை போட்டா மெல்லிசா நெளிநெளி கோடு, அது அலை. ஒரு வரிசை கருநீலம் ஒரு வரிசை சாம்பல்னு மாத்தி மாத்தி போட்டுட்டே வந்தீங்கன்னா நெட்டு நெட்டா கோடு எழும்பி நிக்கும், அது மரத்தோட பிம்பம் தண்ணில விழுந்த மாதிரி. மூணே வித்தை, வேற எதுவும் கத்துக்க வேணாம். தூரத்துக்கு புள்ளி, கிட்ட வர வர கோடு, மரத்துக்கு நேர் கீழ மட்டும் நெட்டுக்கோடு.


நேர்கோடு எழுதியது:

ஒரே ரெண்டு நூல், போடற வரிசை மாறினா புள்ளி கோடு நெட்டுக்கோடா?? நம்பவே முடியல. அட்டையும் நூலும் எடுத்து பாக்கப்போறேன்.


நூலாம்படை எழுதியது:

வந்தாச்சு, இனி தப்பிக்க முடியாது @நேர்கோடு 😂

பச்சைமலை, குளத்தோட கரை வளைவா வரணும்னு ஊடைய சாச்சு வளச்சு போட சிலர் சொல்லுவாங்க. நல்லா இருக்கும், எகிப்தோட பழைய காப்டிக் (எகிப்து கிறிஸ்தவங்க) துணியிலயே இருக்கு, ஹெய்டனும் நெறய பண்ணாங்க. ஆனா பள்ளத்த நெரப்பாம மேல மேல வளச்சு போட்டா பாவு ஒரு பக்கமா தள்ளப்பட்டு, தறியிலேருந்து எறக்கினதும் துணி அப்பளம் மாதிரி நெளிஞ்சு நிக்கும். ஒரு வளைவு போட்டா அதுக்கு எதிர்ப்பக்கத்த உடனே நெரப்பி மட்டத்துக்கு கொண்டு வந்துடுங்க.

அகலம் சுருங்கறதும் கவனிங்க. ஊடைய நேரா இழுத்து போட்டா பாவ உள்ள இழுத்துடும், மேல போகப் போக படம் ஒடுங்கிடும். மலையா இருந்தா கூட பரவால்ல, வானத்துலதான் மானம் போகும், ஏன்னா அங்க ஒரே ஊடை நீளமா ஓடும். ஒவ்வொரு தடவையும் ஊடைய கொஞ்சம் வளைவா தூக்கி விட்டுட்டு அப்புறம் அடிச்சு எறக்குங்க. வானத்த ஒரே நீளமா நெய்யாம ரெண்டு மூணு துண்டா பிரிச்சு, சேர்ற எடத்த மேகத்துக்குள்ள ஒளிச்சிடுங்க.


இழைக் கண்காணிப்பு எழுதியது:

நூல் எங்க வாங்கறது, தறி யார்கிட்ட வாங்கறதுனு வந்த பதிவுகள வாங்க விற்க பகுதிக்கு மாத்தியாச்சு. இங்க நெசவு மட்டும்.


தறிமேடை எழுதியது:

பச்சைமலை, நேரம் எவ்வளவு ஆகும்னு தனிமடல்ல கேட்டிருந்தீங்க, எல்லாருக்கும் பயன்படும்னு இங்கயே சொல்றேன். இங்கிலாந்து டிசைனர் வில்லியம் மோரிஸ் 1879-ல படுக்கையறைல தறி போட்டு, விடியகாலைல எழுந்து உக்காந்து, இலைக்கொடி டிசைன் ஒண்ணு நெய்தாரு, அவரு தனியா நெய்த முதல் டேப்பஸ்ட்ரி. மணிக்கணக்க எழுதி வெச்சாரு, 516 மணி நேரத்துக்கு மேல. அத்தன கம்பெனி வேலைக்கு நடுவுல. அதனால உங்களோட மூணு மலைக்கு எவ்வளவு ஆகும்னு என்கிட்ட கேக்காதீங்க, பாவு நெருக்கத்த கொறச்சா சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். முதல் பீஸ்க்கு இஞ்சுக்கு 8 சரியா இருக்கும், 6 கூட போலாம்.

போட்டோவ பத்தி கடைசியா ஒரு சமரசம். போட்டோ எடுங்க, வெச்சுக்கோங்க. அத பாத்து ஒரு உள்ளங்கை அகல தாள்ல தடி மார்க்கரால ஆறே ஆறு கோடு போடுங்க. பாவுக்கு பின்னாடி அந்த தாள வெச்சுக்கோங்க, போட்டோவ மேசை டிராயர்ல போட்டுடுங்க.


நூலாம்படை எழுதியது:

டிராயர்ல போடறதுக்கு முன்னாடி கலருக்கு மட்டும் ஒரு தடவை எடுத்து பாக்கலாம்ல? ஆறு கோட்டுல தூரத்து மலை எவ்வளவு வெளுத்திருக்குனு தெரியாதே. கண்ண சுருக்கி போட்டோவ பாருங்க பச்சைமலை, சின்னச் சின்ன விவரமெல்லாம் போயி நாலஞ்சு பெரிய தேமல் மட்டும் மிஞ்சும், அதுக்கு மட்டும் நூல் எடுங்க.


தறிமேடை எழுதியது:

கண்ண சுருக்கி பாக்கறதுக்கு ஓகே. அதுக்கு மேல இல்ல.


பச்சைமலை எழுதியது:

சரி முடிவு பண்ணிட்டேன். நேராதான் நெய்யப்போறேன், குளமும் மலையும்தான் ஜாஸ்தி, மரம் ஒண்ணே ஒண்ணுதான், பஞ்சுமேகம் மன்னிக்கணும். நாலு இழை கொத்து, ரெண்டு கலர்ல மலை. அடிமரத்து கீறல தெக்காம அப்படியே விடப்போறேன். முடிஞ்சதும் இங்க படம் போடறேன்.


சாயப்பானை எழுதியது:

பச்சை நூல முதல்ல ஜன்னல்ல வெச்சு பாத்துடுங்க. அப்புறம் படம் போடும்போது பின்பக்கத்தையும் போடுங்க, முன்பக்கத்துல எல்லாரும் நல்ல பேர் வாங்கிடறாங்க.